ஏறும் கோடு

ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கத்து இலஞ்சியில் காற்றே ஈரம்தான். மேற்கே மலை மறைந்துவிடும். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருக்கும். அந்த நாட்களில் மேசைமேல் இருக்கும் பிரெட்போர்டில், கோடை முழுக்க ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த ஈரப்பத சென்சார் ஒன்று திக்கத் தொடங்கும். முகவரி தேடும் சிறு நிரலை ஓட்டினால் ஒருமுறை பதில் வரும், மறுமுறை வராது. பலர் அந்த இடத்தில் சென்சாரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். நுண்மையான ஒரு கைவேலை தொடங்குவதே அங்கேதான் என்பது என் எண்ணம்.

சென்சாரின் பேச்சு நடப்பது ஐ-டூ-சி என்ற இரட்டைக் கம்பியில். 1982-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள் இருந்த சில்லுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக இதை உருவாக்கியது. ஒரு கம்பி தரவுக்கு, எஸ்டிஏ. மற்றொன்று தாளத்துக்கு, எஸ்சிஎல். இன்று ஆர்டுயினோ வைத்து விளையாடும் பள்ளிப் பிள்ளை கடிகாரம், சிறு திரை, வெப்பமானி எல்லாவற்றையும் இந்த இரண்டே கம்பியில் கோத்துவிடுகிறது.

இதன் அமைப்பை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கம்பியில் சேர்ந்த எந்தச் சில்லும் அதை மேலே தள்ளாது. கீழே இழுக்கும், அல்லது விட்டுவிடும். மேலே தூக்குவது ஒரு ரெசிஸ்டர் மட்டுமே. மாங்காய் பறிக்க வளைத்த கிளையைப் போல, யார் ஒருவர் இழுத்தாலும் வளையும். எல்லோரும் கையை விட்டால்தான் நிமிரும். காய் நிறையத் தொங்கினால் மெதுவாக நிமிரும். ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கும் சண்டைக்கு இங்கே வழியில்லை. வேகம் குறைந்த சில்லு தாளக் கம்பியைக் கீழேயே பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு" என்று தலைமைச் சில்லையே நிறுத்தி வைக்கலாம். இவ்வளவு மரியாதையான ஏற்பாட்டை மின்னணுவியலில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்த அமைப்பின் குணம் ஆசிலாஸ்கோப் திரையில் அப்படியே தெரியும். இறங்கும் கோடு செங்குத்தாக விழும், ஏனென்றால் டிரான்சிஸ்டர் இழுக்கிறது. ஏறும் கோடு வளைந்து, முதலில் விரைந்து, பிறகு தளர்ந்து மேலே போகும். ரெசிஸ்டர் வழியாக வரும் சிறு மின்னோட்டம் கம்பியின் கொள்திறனை நிரப்பியாக வேண்டுமல்லவா? நோயெல்லாம் இந்த ஏறும் கோட்டில்தான் எழுதியிருக்கும். கவிதை ரசனைக்குப் பேர்போன டி.கே.சி. வாழ்ந்த குற்றாலம் இங்கிருந்து நடக்கும் தூரம். ஒரு செய்யுளை விட்டு நகராமல் நின்று அனுபவிப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அந்தக் கோட்டையும் அப்படி நின்று பார்க்க வேண்டும்.

கணக்கு பெரிதில்லை. மின்னழுத்தம் 30 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு ஏறும் நேரம், தடையையும் கொள்திறனையும் பெருக்கி அதை 0.85-ஆல் பெருக்கினால் கிடைக்கும். 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் அதற்கு 1,000 நானோ செகண்ட் வரை இடம் உண்டு. 400 கிலோஹெர்ட்ஸில் 300 மட்டுமே. நாலைந்து ஜம்பர் ஒயரும் ஒரு முழக் கேபிளும் சேர்ந்து 100 பிக்கோஃபாரட் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைமைச் சில்லாகப் பயன்படும் ஈஎஸ்பி32-க்குள் இருக்கும் ரெசிஸ்டர் சுமார் 45 கிலோ ஓம். அதை மட்டும் நம்பினால் ஏறும் நேரம் 3,800 நானோ செகண்டைத் தாண்டும். கோடு முழுதாக ஏறுவதற்குள் அடுத்த தாளம் வந்துவிடும். வெளியே 4.7 கிலோ ஓம் போட்டால் 400. மெதுவான வேகத்துக்கு நிம்மதி, விரைவான வேகத்துக்குப் போதாது. 2.2 கிலோ ஓம் போட்டால் 187. இரண்டுக்கும் சரி. மண் நிற உடம்பில் வண்ண வளையம் போட்ட, காசு பெறாத ஒரு பொருள் செய்யும் வேலை இது.

இலஞ்சிச் சாரலின் கதை இன்னும் நுட்பமானது. பற்றவைத்த இடத்தில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் பிசுக்கில் ஈரம் ஏறினால், கம்பிக்கும் தரைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கசிவுப் பாதை உண்டாகிறது. அது 100 கிலோ ஓம் என்று கொள்ளுங்கள். மேலே தூக்க உள்ளிருக்கும் 45 கிலோ ஓம் மட்டும் இருந்தால், 3.3 வோல்ட் நிற்க வேண்டிய கம்பி 2.28-இல் நின்றுவிடும். "மேலே" என்று சில்லு உறுதியாக ஏற்க வேண்டிய அளவு 70 சதவீதம், அதாவது 2.31. குறைவது நூறில் மூன்று பங்கு வோல்ட். ஒருமுறை பதில் வந்து மறுமுறை வராமல் போவது இத்தகைய விளிம்பில்தான். அதே கசிவு இருக்கும்போதே வெளியே 4.7 கிலோ ஓம் சேர்த்தால் கம்பி 3.1 வோல்ட்டுக்கு மேலே போய் நிற்கும். பிசுக்கைத் துடைப்பதும் அவசியம்தான்; ஆனால் ஈரமான ஊரில் வலுவான ரெசிஸ்டர் இல்லாமல் ஐ-டூ-சி அமைப்பது முறையல்ல.

வலுவான ரெசிஸ்டருக்கு இன்னொரு முகமும் உண்டு, பலர் கவனிக்காதது. கடையில் வாங்கும் மாட்யூல்கள் பலவற்றில் ரெசிஸ்டர் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். தலைக்கு 4.7 கிலோ ஓம் உள்ள ஐந்து மாட்யூல்களை ஒரே கம்பியில் மாட்டினால் மொத்தம் 940 ஓம். 3.3 வோல்ட்டில், 3 மில்லி ஆம்பியர் இழுக்கக்கூடிய சாதாரணச் சில்லுக்கு 967 ஓமுக்குக் கீழே போகக் கூடாது. இப்போது ஏறும் கோடு அழகாக இருக்கும், ஆனால் அடிக்கோடு தரையைத் தொடாமல் 0.4 வோல்ட்டுக்கு மேலே மிதக்கக்கூடும். இங்கே மருந்து ரெசிஸ்டரைக் கூட்டுவதல்ல, ஒன்றிரண்டை மாட்யூலிலிருந்து எடுப்பது.

தேர்ந்த கையை அதன் முதல் அசைவிலேயே கண்டுகொள்ளலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பிக்கும் நேர்மின் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, மொத்தத் தடை எவ்வளவு என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, பேச்சு இல்லாதபோது இரு கம்பியும் எத்தனை வோல்ட்டில் நிற்கின்றன என்று பார்ப்பார்கள். ஆசிலாஸ்கோப்பை எடுத்தால் புரோபின் ஸ்விட்சைப் பத்து மடங்கில் வைப்பார்கள். ஒரு மடங்கில் வைத்தால் புரோபே சுமார் 100 பிக்கோஃபாரட் சுமையைக் கம்பியில் ஏற்றிவிடும். பார்க்கப் போன கண்ணே நோயைக் கூட்டிவிடும். மலிவான லாஜிக் அனலைசர் உரையாடலைப் படிக்க நல்ல கருவி. ஆனால் எல்லாவற்றையும் ஒன்று, பூஜ்யம் என்று வெட்டிவிடுவதால், நாம் தேடும் வளைவு அதில் தெரியாது.

வேகத்தைக் குறைத்துப் பார்ப்பது நோயை அறிய நல்ல சோதனை. 100-இல் ஓடாதது 10 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் ஏறும் கோட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதையே தீர்வாக விட்டுவிடும் பழக்கம் எனக்கு ஒப்பவில்லை. காரணம் அப்படியே இருக்கும். அடுத்த சாரலில் திரும்ப வரும். பாதிப் பேச்சில் மின்சாரம் போய்வந்து, சென்சார் தரவுக் கம்பியைக் கீழேயே பிடித்துக்கொண்டால் வேகம் குறைத்தும் பயனில்லை. தாளக் கம்பியில் ஒன்பது துடிப்பு கொடுத்தால், சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுச் சென்சார் கையை விட்டுவிடும்.

தென்காசி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு மின்னணுவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிட் வாங்கும் பணத்தில் ஓர் ஆசிலாஸ்கோப்பும், 2.2, 3.3, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களில் ஒரு பிடியும் வாங்கி வையுங்கள். "மாட்யூல் போயிருச்சு சார்" என்று பிள்ளை வந்து நின்றால், புதியதை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஏறும் கோட்டை முதலில் காட்டுங்கள். எந்த ரெசிஸ்டர் என்பதை அந்தப் பிள்ளையே கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.