கடல் கடந்த தொழிலும் தமிழ் நாவலும்: ப. சிங்காரத்தின் படைப்புகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்

ப. சிங்காரம் (1920–1997) எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' 1959 இலும் 'புயலிலே ஒரு தோணி' 1972 இலும் நூலுருப் பெற்றன. இவற்றுள் பின்னதே விமரிசகர்களின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்துள்ளது. அதன் மொழிநடை, போர்க்கால வருணனை, பாண்டியன் என்னும் பாத்திரத்தின் மனவோட்டம் ஆகியன விதந்து பேசப்பட்டுள்ளன. முன்னதோ நிறைவேறாக் காதலைக் கூறும் எளிய கதை என்ற அளவில் மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. இம்மதிப்பீடு மறுபரிசீலனைக்குரியது. அந்நிய நாட்டிலே தொழில் தேடி, அத்தொழிலில் படிப்படியாக உயர முயலும் மனிதனின் நிலையைச் சமுதாய உறவுகளோடு பொருத்திக் காட்டிய தமிழ் நாவல்களுள் 'கடலுக்கு அப்பால்' முக்கியமானது. அதன் காதற்கதை அடிப்படையில் ஒரு தொழில் உறவின் கதையேயாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு நாவலின் களமாகிய வட்டிக்கடையின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஏகாதிபத்தியங்கள் ஆசியாவில் விரிவடைந்ததை ஒட்டி, செட்டிநாட்டு மூலதனம் இலங்கை, பர்மா, மலாயா, சுமாத்திரா ஆகிய இடங்களுக்குப் பரவியது. கொழும்புச் செட்டியார் தெருவை அறிந்த எமக்கு இது புதிய செய்தியன்று. கடை ஊழியர் சம்பளச் சீட்டு எழுதி, பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறினர். தவணைக்குரிய சம்பளத்தில் ஒரு பகுதி முன்கூட்டியே வழங்கப்பட்டது. பெட்டியடிப் பையனாகத் தொடங்கியவன் அடுத்தாளாகி, பின் மேலாளாகி, வாய்ப்பு நேர்ந்தால் தனிக்கடையும் வைக்கலாம் என்பது அவ்வாழ்வின் படிமுறை. தவணை முடிந்ததும் ஊர் திரும்பிச் சிலகாலம் தங்கி, மீண்டும் கொண்டுவிக்கப் புறப்படுவர். கிட்டங்கியிலேயே கணக்கெழுதி, உண்டு, உறங்கிய ஊழியன் அந்நிய நாட்டில் இருந்தும் தன் ஊரின் சட்டதிட்டங்களுக்குள்ளேயே வாழ்ந்தான்.

இத்தகைய அமைப்பில் முதலாளிக்கும் ஊழியனுக்கும் இடையிலுள்ள கூலி உறவு கூலி உறவாகத் தோற்றமளிப்பதில்லை. ஊர், சாதி, உறவுமுறை ஆகியன அதனை மூடி நிற்கின்றன. 'நம்பிக்கை' என்னும் சொல்லும் இங்கு தனிமனித ஒழுக்கத்தை மட்டும் குறிப்பதன்று. பிறர் மூலதனத்தைத் தொலைதூரத்தில் கையாள்பவனைக் கட்டுப்படுத்தும் சாதனமும் அதுவே.

பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனாவிடம் தொழில் பழகியவன் செல்லையா. முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். வானாயீனாவும் ஒரு காலத்தில் அவனையே மருமகனாக்க எண்ணியிருந்தவர்தாம். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைகிறது. செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். 1945 இல் போர் முடிந்து அவன் கடைக்கு மீளும்பொழுது முதலாளியின் மனம் மாறிவிட்டது. பட்டாளத்துக்குப் போய் வந்தவன் வட்டித் தொழிலுக்கு உதவான் என்பது அவர் முடிவு. மகளை வேறொருவனுக்கு மணமுடிக்க ஏற்பாடு செய்கிறார்.

வானாயீனாவைக் கொடியவராக ஆசிரியர் சித்திரிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர் தம் மூலதனத்தின் நலனையே தம் மனச்சாட்சியாகக் கொண்டவர். ஆணையிடப் பழகியவனும் உயிரைத் துச்சமாக மதிக்கத் துணிந்தவனும் காசைக் காசாக எண்ணிக் காக்கும் தொழிலுக்கு ஆபத்தானவன் என அவர் கணிக்கிறார். அக்கணிப்பில் தருக்கப் பிழையில்லை. கடையின் படிமுறையில் இறுதிப் படி முதலாளியின் மகளே என்பதும், அப்படியில் ஏறும் உரிமை ஊழியனுக்கு ஒருபோதும் இருந்ததில்லை என்பதும் இம்மறுப்பினால் வெளிப்படுகின்றன. 'பிள்ளை போன்றவன்' வேலையாளாகவே இருந்தான். மரகதத்தின் விருப்பமோ கணக்கில் எடுக்கப்படவேயில்லை. சொத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றும் வாயிலாகவே அவள் கருதப்படுகிறாள்.

1888 இல் எழுதிய புகழ்பெற்ற கடிதமொன்றில், பல்சாக்கின் யதார்த்தம் அவருடைய அரசியற் சார்பை மீறி உண்மையைக் காட்டியதென எங்கெல்ஸ் எடுத்துரைத்தார். சிங்காரத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். சமுதாய உறவை இத்துணைத் துல்லியமாகத் தீட்டிய அவர், முடிவில் செல்லையாவின் இழப்பை மனப்பக்குவத்தின் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகிறார். 'புயலிலே ஒரு தோணி'யில் பாண்டியன் கடையின் உலகை விட்டு வெளியேறி, இந்தோனேசிய விடுதலைப் போரிலும் பங்குகொண்டு, ஊர் திரும்பாமலே மடிகிறான். ஒருவன் பணிந்து அமைதி காண்கிறான்; மற்றவன் தனிமனித சாகசத்தில் அழிகிறான். தம்மைப் போன்ற ஊழியரோடு சேர்ந்து சிந்திக்கும் மூன்றாவது வழி இருவருக்கும் தோன்றுவதில்லை. கடன்பட்டோரின் பார்வையும் நாவல்களின் மையத்துக்கு வருவதில்லை. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் செட்டியார் வசமிருந்த நிலம் 1930 இல் நூற்றுக்கு 6 வீதமாக இருந்து 1938 இல் 25 வீதமாகியது. ஊழியனின் உயர்வுக்கு வேறொரு மக்கள் செலுத்திய விலை இது.

யாழ்ப்பாணத்தவரின் மலாயா அனுபவத்தை இதனோடு ஒப்புநோக்கலாம். தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்து 1885 இல் தொடங்கிய மலாயாப் புகையிரத சேவை விரிவடைந்தபொழுது, மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர் இலிகிதர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அங்கு சென்றனர். அவர்களுடைய முதலாளி குடியேற்ற அரசு. படிமுறையின் உச்சி ஓய்வூதியம். 'மலாயாப் பென்சனியர்' எமது கிராமங்களில் ஒரு சமூக வகையினராகவே மதிக்கப்பட்டனர். அவ்வுத்தியோகம் சீதனத்தின் அளவையும் நிர்ணயித்தது. கடை ஊழியனுக்கு இல்லாத எழுத்துமூல உத்தரவாதம் இவர்களுக்கு இருந்தது. ஆயினும் ஊரின் மதிப்பே இருவருக்கும் இறுதி அளவுகோலாயிற்று.

இன்று இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் தொழில் தேடிச் செல்லும் எம்மவர் பலருக்கு முதல் வேலை ஊரவர் ஒருவரின் கடையிலேயே கிடைக்கிறது. அண்ணன், மாமா என்னும் விளிகளுக்குள்ளே நேரக் கணக்கற்ற உழைப்பும் குறைந்த கூலியும் அங்கு மறைந்து போகக்கூடும். புலம்பெயர் இலக்கியத்தை ஆராய்வோர் ஊர் நினைவையும் பிரிவுத் துயரையும் பேசும் அளவுக்குச் சம்பளத்தைப் பேசுவதில்லை. வானாயீனாவின் கடையை மீண்டும் ஊன்றிப் படிப்பது அக்குறையை நீக்கத் துணைபுரியும்.