இனமா, வாழ்க்கை வரலாறா?
மார்பகப் புற்றுநோய் ஆய்வுகள் குறித்து மல்லாவியிலிருந்து ஒரு நோக்கு

மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வேடுகளிற் பெரிதும் பயிலும் சொற்களுள் ‘இனக்குழுமம்’ என்பதும் ஒன்று. வெள்ளையருக்கு இத்தனை, கறுப்பினத்தவருக்கு இத்தனை, தென்னாசியருக்கு இத்தனை என அட்டவணைகள் வகுத்துரைக்கின்றன. நோய் ஒவ்வோர் இனத்தின் குருதியிலும் எழுதப்பட்டதொன்று எனப் படிப்போர் மயங்குதல் இயல்பே. அம்மயக்கத்துக்கு அட்டவணையின் அமைப்பும் பொறுப்பாகும்.

மகப்பேற்று வரலாற்றுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு புதிதன்று. கன்னியாத்திரிகளிடம் இந்நோய் மிகுந்திருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் ரமசினி குறித்துள்ளார். மக்மகோன் குழுவினர் பொஸ்ரன், ஏதென்ஸ், தோக்கியோ உள்ளிட்ட ஏழிடங்களில் நடத்தி 1970இல் வெளியிட்ட ஆய்வு, 18 வயதுக்கு முன் முதற்பிள்ளை பெற்றோரின் நோயிடர், 35க்குப் பின் பெற்றோரின் இடரில் ஏறத்தாழ மூன்றிலொன்றே எனக் கண்டது. ஏழிடங்களிலும் போக்கு ஒன்றே, மக்கள்தாம் வேறு. ஆயின் அவ்வாய்வு தாய்ப்பாலூட்டலிற் பயனெதனையும் காணவில்லை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த பகுப்பாய்வே, பாலூட்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் இடர் 4.3 சதவீதமும், ஒவ்வொரு மகப்பேற்றுக்கும் மேலும் 7 சதவீதமும் குறைவதை நிலைநாட்டியது. எம் பாட்டிமார் இரண்டாண்டு, மூன்றாண்டு பாலூட்டியதன் பயன் அறிவியலேட்டில் இடம்பெற இத்தனை காலம் சென்றது.

இவ்வரிசையில் விதந்து கூறத்தக்கது 2014இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ஆய்வு. தென்னாசியப் பெண்கள் 5,877 பேரையும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வெள்ளையினப் பெண்களையும் அது ஒப்பிட்டது. தென்னாசியரிடம் நோய் 18 சதவீதம் குறைவு. ஆனால் மகப்பேறு, பாலூட்டல், மதுப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கிற் கொண்டதும் அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இனம் என்று எண்ணப்பட்டது வாழ்ந்த முறையே என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. இதன் குறையும் அங்கேயே உண்டு. இனத்தைக் கரைத்துக் காட்டிய பின்னரும் அட்டவணையின் தலைப்பில் ‘தென்னாசியர்’ என்பதே நிற்கிறது. அவ்வொரு சொல்லுள் எத்தனை மொழி, எத்தனை சமயம், எத்தனை வாழ்நிலை!

இலங்கையைப் பொறுத்தவரை, 2010இல் வெளிவந்த ஆய்வொன்று நோயுற்றோர் 100 பேரையும் ஏனையோர் 203 பேரையும் ஒப்பிட்டு, வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்களேனும் பாலூட்டியோரிடம் இடர் குறைந்திருந்தமையைக் காட்டியது. சிறியதாயினும் பயனுள்ள ஆய்வு. இதே வினாக்கொத்தை மல்லாவிக்குக் கொண்டுசென்றால் என்னாகும்?

2008இன் நடுப்பகுதி தொட்டு மல்லாவி, துணுக்காய்ப் பகுதி மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். 2009இல் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். போரின் கடைசியாண்டுகளில் ஆட்சேர்ப்புக்கு அஞ்சி இளவயதில் மணம் செய்விக்கப்பட்டோர் உளர். மணமகன் இன்றியோ கணவனை இழந்தோ முப்பதைக் கடந்தோரும் உளர். ஒரே ஊர், ஒரே இனம், ஏன், ஒரே வீட்டின் தமக்கையும் தங்கையும் கூட. எனினும் மக்மகோனின் அளவுகோலின்படி அவர்கள் இரு துருவங்களில் நிற்பர். ‘இலங்கைத் தமிழர்’ என்னும் ஒற்றைக் கட்டத்துள் இருவரையும் இட்டுச் சராசரி காண்பது எதனை விளக்கும்? ‘பாலூட்டிய மாதங்கள்’ என்னும் கட்டத்தில் இரண்டு என எழுதலாம். பதுங்குகுழியிற் குழந்தை இறந்தமையால் இரண்டு, தாய்க்கு உணவின்றிப் பால் வற்றியமையால் இரண்டு, வேலைக்குத் திரும்பியமையால் இரண்டு: தாளில் மூன்றும் ஒன்றே. உடலியலுக்கு எண் போதும் என்பர். இடரை விளக்க அது போதலாம். அதனைக் குறைக்கும் வழி காண வேண்டுவோருக்குப் போதாது.

இன்னுமோர் ஆபத்து உண்டு. ‘எங்கள் பெண்கள் பிள்ளை பெற்றுப் பால் கொடுப்பவர்கள், எங்களுக்கு இது வராது’ என்னும் பேச்சுக்கு இவ்வாய்வுகள் சான்றாக்கப்படுகின்றன. பெண்களிடையே இலங்கையில் மிகப் பரவலான புற்றுநோய் இதுவே என்பதை அப்பேச்சு மறைக்கிறது. மகப்பேற்றை அடுத்த சில ஆண்டுகளில் இடர் சற்றுக் கூடியே இருக்கும் என்பதை 2019இல் வெளிவந்த தொகுப்பாய்வு உறுதிசெய்தது. அதனையும் எவரும் சொல்வதில்லை. மறுபுறம், பிள்ளையில்லாதவளுக்கு நோய் வந்தால் அது அவள் ‘குறை’யின் விளைவாகப் பேசப்படும். புள்ளிவிபரம் ஊர்வாயிற் பழிச்சொல்லாகும் விதம் இது.

35 வயதுப் பெண்களை அழைத்து மார்பகத்தைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் நடைபெறுகிறது. கட்டி கண்டுபிடிக்கப்பட்டால் மல்லாவிப் பெண் மாங்குளம் வழியே நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் கடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையை அடைய வேண்டும். நாட்கூலியை இழந்து, பிள்ளைகளை அயலில் விட்டுச் செல்பவள் எத்தனையாவது கிழமையில் அங்கு சேர்கிறாள் என்பதற்கும் ஆய்வாளர் தம் வினாக்கொத்தில் ஒரு கட்டம் ஒதுக்குதல் வேண்டும். ‘இனக்குழுமம்’ என்னும் கட்டத்தை அடித்துவிட்டு அவ்விடத்திலேயே ஒதுக்கினாலும் இழப்பில்லை.