ஒரே கூரை, இரு நீதியா?

நியூயார்க் நகரிலே, மக்கள் வரிப்பணத்தால் எழுந்த அரசுப் பள்ளிக் கட்டடங்கள் பலவற்றில், தனியார் குழுக்கள் நடத்தும் 'சார்ட்டர்' பள்ளிகளும் குடியேறின. குடிவந்தோர் பகுதிக்குப் புதுச்சுவர், புதுவிளக்கு. கூடத்தின் மறுபுறம் பழுதே கதி என்றால், பிஞ்சு உள்ளம் என்ன பாடம் கற்கும்? தாழ்வென்னும் பாடமன்றோ!

2010-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் குறுக்கிட்டது. சார்ட்டர் பகுதியில் 5,000 டாலருக்கு மேற்பட்ட கட்டட மேம்பாடு, எவர் பணத்தால் நடப்பினும், முன் ஒப்புதல் பெறவேண்டும். அதே கட்டடத்து அரசுப் பள்ளிகளுக்கும் ஈடான மேம்பாடு செய்யப்படவேண்டும் என்றது.

விதியை வரவேற்கிறோம். ஆயினும் கேட்கிறோம்: குடியிருப்பவர் செலவிடாவிடில், இந்த விதி எவர் சுவரைச் செப்பனிடும்? பழுதைக் கண்டு வரவேண்டிய பணம், பக்கத்து அறையின் பகட்டைக் கண்டா வருவது? கட்டடத்தைக் குத்தகைக்கு விடலாம். கடமையைக் குத்தகைக்கு விடலாமோ?