பக்கக் கணக்கு

என் நண்பர் ஒருவர் நாவலாசிரியர். பதிப்பாளர்கள் வாசலில் காத்திருந்து அலுத்துப்போய், தம் நாவலைத் தாமே மின்னூலாகக் கிண்டிலில் வெளியிட்டுக்கொண்டவர். அதில் தவறு ஒன்றும் இல்லை. 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழுக்குத் தனி இடம் ஏற்பட்ட பிறகு, பரணில் கிடந்த எத்தனையோ கைப்பிரதிகள் வெளிச்சம் கண்டிருக்கின்றன.

சென்ற வாரம் அவர் வந்திருந்தார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது, அவர் கண் கைபேசியை விட்டு அகலவில்லை. "நேற்று 140 பக்கம் ஓடியது, ஸார். இன்று இதுவரை பூஜ்யம்" என்றார், வீட்டில் குழந்தைக்கு ஜுரம் என்று சொல்கிற குரலில்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிண்டில் அன்லிமிடெட் என்ற சந்தாத் திட்டம் 2014ல் அமெரிக்காவில் தொடங்கியது. மாதச் சந்தா கட்டியவர் அதில் சேர்ந்துள்ள புஸ்தகங்களை எடுத்துப் படிக்கலாம். முதல் ஓராண்டு, வாசகர் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே ஆசிரியருக்கு முழுப் பணம் கிடைத்தது. 2015 ஜூலையிலிருந்து, படித்த பக்கத்துக்குத்தான் பணம் என்று மாற்றினார்கள். அமெரிக்காவில் பக்கத்துக்கு அரை சென்ட்டை ஒட்டிக் கிடைக்கும். நியாயமான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கணக்கு தினந்தோறும் ஆசிரியரின் கண்ணெதிரே கோடாக ஏறி இறங்குகிறது. வியாதி அங்கேதான் ஆரம்பமாகிறது.

அந்தக் கோடு உண்மையில் என்னதான் சொல்கிறது? 200 பக்கம் என்றால், ஒருவரே 200 பக்கம் படித்தாரா, இருபது பேர் பத்துப் பத்துப் பக்கம் படித்து மூடி வைத்துவிட்டார்களா என்று அது சொல்வதில்லை. இணைப்பு இல்லாமல் ரயிலில் படித்தவரின் பக்கங்கள், அவருடைய கருவிக்கு மறுபடி இணைப்புக் கிடைக்கும்போதுதான் கணக்கில் ஏறும். ஆகவே இன்றைய மேடு போன வாரத்து வாசிப்பாக இருக்கலாம். இன்றைய பள்ளத்தில் யாரோ ஒருவர் கடைசி அத்தியாயத்தில் மெய்ம்மறந்து உட்கார்ந்திருக்கலாம். ஆரம்ப காலத்தில், வாசகர் எட்டிய கடைசி இடத்தை வைத்தே எண்ணியதால், முன்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குத் தாவவைத்துப் பணம் பண்ணிய சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள். கணக்கின்படி அவர்களும் நன்றாகப் படிக்கப்பட்ட ஆசிரியர்கள்தாம்!

எண்ணிக்கையைப் பார்த்து எழுதுவது புதிய பழக்கம் அல்ல. சார்ல்ஸ் டிக்கன்ஸ் தம் நாவல்களை மாதப் பகுதிகளாக வெளியிட்டவர். 1843ல் 'மார்ட்டின் சஸில்விட்' வந்துகொண்டிருந்தபோது விற்பனை 20,000 பிரதிகளை ஒட்டி நின்றுவிட்டது. அவர் எதிர்பார்த்தது அதிகம். உடனே கதாநாயகனைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார். விற்பனை என்னவோ கொஞ்சம்தான் ஏறியது. அமெரிக்க அத்தியாயங்கள் வேடிக்கையானவைதான். ஆனால் அந்த நாவலில் இன்றும் நிற்பவர்கள் பெக்ஸ்னிஃபும் திருமதி காம்பும். அவர்களைக் காண டிக்கன்ஸ் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. அவராவது மாதம் ஒருமுறைதான் கணக்குப் பார்த்திருப்பார். என் நண்பர் மணிக்கு ஒருமுறை பார்க்கிறார்.

நானும் யோக்கியன் அல்ல. என் கதை வந்த பத்திரிகை பெட்டிக்கடையில் எத்தனை பிரதி விற்காமல் தொங்குகிறது என்று, வாங்க வந்தவன்போல் நின்று எண்ணியிருக்கிறேன். அதனால் கவலைப்படுவதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் நண்பர் எழுந்து போகும் சமயத்தில் சொன்ன செய்திதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"நாலாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன், ஸார். அங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள்போல் இருக்கிறது."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் இல்லை. கணவனை இழந்த ஒருத்தி, காரியங்கள் முடிந்த மறுநாள், பழக்கத்தில் இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டு, ஒரு பிடியைத் திரும்பப் பானையில் போடுகிற அத்தியாயம் அது. அதில் நடப்பது அவ்வளவுதான். நாவலிலேயே உயர்ந்த இடமும் அதுதான்.

அந்த அத்தியாயத்தைக் கிண்டிலில் நான் மூன்று தரம் படித்தவன். கணக்கில் ஏறியது ஒரு தரம்தான். ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல் தடவை படிப்பதைத்தான் அந்த ஏற்பாடு எண்ணும். மறுபடி படித்தால் பணமும் இல்லை, பதிவும் இல்லை. வியாபாரத்துக்கு அது சரியாக இருக்கலாம். இலக்கியம் என்று நாம் சொல்வது அந்த இரண்டாவது தடவையில்தான் தொடங்குகிறது. முதல் தடவை கதை என்ன ஆகும் என்ற ஆவல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். முடிவு தெரிந்த பிறகும் ஒருவன் திரும்பி வருகிறான் என்றால், ஆவலுக்கு அப்பால் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. அந்த ஒன்றைத்தான் நண்பர் வெட்டி எறிந்திருக்கிறார்.

அத்தியாயத்தைத் திரும்பச் சேர்க்கும்படி சொன்னேன். மூன்று தரம் படித்ததையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் நின்றார். "யோசிக்கிறேன், ஸார்" என்று சொல்லிப் போனார். சேர்ப்பார் என்றுதான் நம்புகிறேன்.