மெட்டுப் பாதையில் கூலிக்கு நடப்பவர்கள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்துப் பெண்கள். கம்பம், கோம்பை, தேவாரம், போடி வட்டாரங்களில் விடியுமுன் கிளம்பி மலையேறி, பொழுது சாய ஊர் திரும்பும் வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. மலையைக் கடக்கும் கணவாயை இங்கே மெட்டு என்பார்கள். இன்று பெரும்பாலோர் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியே ஜீப்பில் போகிறார்கள். ஆனாலும் சாலை வருமுன் நடந்த தடங்கள் அழிந்துவிடவில்லை. தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ஏறும் பாதை அவற்றில் ஒன்று.

இந்த வழக்கத்தின் வேர் ஏலச்செடியில் இருக்கிறது. ஒரே சரத்தில் காய்கள் முன்பின்னாக முதிரும். ஆடி, ஆவணியில் தொடங்கித் தை, மாசி வரை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே தோட்டத்துக்குச் சில வாரம் நிறைய ஆள் வேண்டும், சில வாரம் கொஞ்சம் போதும். தொழிலாளருக்குக் குடியிருப்பு தரச் சொன்ன 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ, 5 ஹெக்டேருக்குக் குறையாத தோட்டங்களைத்தான் கட்டுப்படுத்தியது. சிறு தோட்டக்காரருக்கு வந்து போகும் ஆளே வசதி.

வந்து போவது தொழிலாளிக்கும் நன்மைதான்; அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தோட்டம் தரும் வரிசை வீடான லயத்தில் குடியிருப்பவர் வேலையை இழந்தால் வீட்டையும் இழப்பார். தினம் ஊர் திரும்புபவருக்குச் சொந்தக் கூரை இருக்கிறது. பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள். ரேஷன் கார்டும் ஓட்டும் ஊரிலேயே இருக்கின்றன. கூலி கட்டுப்படியாகாத தோட்டத்தை விட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். நடந்தே போகிறவருக்கு ஜீப் வாடகைப் பிடித்தமும் இல்லை.

ஆனால் அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை பெரிது. ஏறி இறங்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. ஜீப்பில் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் நெருக்கியடித்த பயணம். நடந்தால் யானை, மழை, கோடையில் காட்டுத்தீ. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வண்டிகள் நின்றபோது, கேரளத் தோட்டங்களிலிருந்து காட்டு வழியே நடந்து திரும்பியவர்கள் போடி அருகே ராசிங்காபுரம் மலையில் தீயில் சிக்கினார்கள். குழந்தை உட்படச் சிலர் இறந்தார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 2018 மார்ச் 11 அன்று, அதே மலைத்தொடரில் குரங்கணித் தீ மலையேற்றம் வந்த இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் பிறகு விதிகள் வந்தன. 2024இல் 40 பாதைகளை முறைப்படுத்தி, முன்பதிவும் வழிகாட்டிகளுமாகத் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அது பொழுதுபோக்காக நடப்பவர்களுக்கானது. கூலிக்கு மலையேறுபவர்கள் அதன் கணக்கில் இல்லை. காடு இருவருக்கும் ஒன்றுதான், தீயும் ஒன்றுதான்.

எல்லா மெட்டுக்கும் தார்ச்சாலை போட்டால் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. காட்டைப் பிளக்காமலேயே செய்யக்கூடியவை இருக்கின்றன. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து, மாசி முதல் சித்திரை வரை ஒவ்வொரு பாதையின் அடிவாரத்திலும் தீ எச்சரிக்கை சொல்ல ஆள் நிறுத்த வேண்டும். வண்டிகள் நிற்கும் நாளில் தொழிலாளரை இறக்கிவிடும் பொறுப்பைத் தோட்டக்காரர்மேல் சுமத்த வேண்டும். மலையேறும் நேரத்தையும் வேலை நேரமாக எண்ணிக் கூலி தர வேண்டும்.