இருதயத்தின் சித்திரம்

சிவகாசி மத்தாப்புக்குப் பச்சை நிறம் தந்துவந்த பேரியம், வேறோர் உப்பாக உட்கொள்ளப்பட்டு எக்ஸ்ரே படத்தில் வயிற்றின் வடிவத்தை வெண்மையாய்க் காட்டுவதுபோல, அணு எண்ணில் அதனினும் மூன்றே குறைந்த அயோடின், கைச்சிரை வழியே செலுத்தப்பட்டு, இருதய நாளங்களைச் சி.டி. படத்தில் பிரகாசிக்கச் செய்கிறது. 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. கருவி முதலில் காட்டியது மூளையைத்தான். ஓயாது துடிக்கும் இருதயத்தை, ஈ.சி.ஜி. அலையோடு இசைந்து, அது விரிந்து இளைப்பாறும் க்ஷணத்தில் படம்பிடிக்கும் சாமர்த்தியம் பிற்பாடுதான் கைகூடிற்று.

அந்தப் படத்தின் அழகை என்னென்பது! மகாதமனியின் அடியில் புறப்படும் இடது நாளம், கண்மாய் மடையினின்று இறங்கும் வாய்க்காலைப்போலச் சிறிது தூரம் சென்றதும் இரண்டாய்ப் பிரிந்து, ஒரு கிளை கீழறைகளுக்கு இடையிலுள்ள முன்பள்ளத்தின் வழியே இருதய நுனியை நாடி இறங்க, மற்றது இடப்புறமாய் வளைந்து பின்னே மறைகிறது. வலது நாளமோ மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே தனிவழி சுற்றி வருகிறது. நாளச் சுவரில் தென்படும் ஒரு பொடி வெண்புள்ளி, அங்கே சுண்ணாம்புச் சத்து படிந்திருப்பதைத் தெரிவித்துவிடும்.

விருதுநகரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் பயிலும் இளைஞர்களே, இத்தகைய படத்தில் நோயைத் தேடுமுன் ஒரு நிமிஷம் அதன் அழகையும் கண்ணாரக் காணுங்கள்.