சுடுதண்ணீர் எங்கே போகிறது?

பேட்டரியில் ஓடும் ரிமோட் படகு சீறிப் பாயும்போது, அதன் பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று பீய்ச்சியடிக்கும். சுக்கானருகே இருக்கும் சிறு குழாய் ஏரித் தண்ணீரை வாங்கி, சிலிக்கோன் ட்யூப் வழியாக மோட்டாரைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டோடு வெளியே தள்ளுகிறது. பம்பு வேண்டாம், ரேடியேட்டர் வேண்டாம். தாரை நின்றால் பாசியோ மணலோ அடைத்துவிட்டது என்று பொருள். உடனே கரைக்குத் திருப்ப வேண்டியதுதான்.

அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலையும் இதே வழியில்தான் குளிர்கிறது. 1994 முதல் 1996 வரை இயங்கத் தொடங்கிய, தலா 210 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் அவை. கடல்நீர் ஒருமுறை, நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சருக்குள் நுழைந்து, நீராவியின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும்.

இந்த முறையை எடுத்த எடுப்பில் குறைசொல்ல முடியாது. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, சென்னை குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தது. அப்படிப்பட்ட நகரத்தில் குடிநீரில் கைவைக்காமல் மின்சாரம் எடுப்பது பெரிய விஷயம். குளிர்ந்த கடல்நீர் கண்டென்சரில் நல்ல வெற்றிடத்தைத் தருவதால், அதே நிலக்கரியில் சற்றுக் கூடுதல் மின்சாரமும் கிடைக்கும்.

சிக்கல் வெளியேறும் இடத்தில் இருக்கிறது. நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி, குளிர்விக்கும் நீரோடுதான் போகிறது. நீர் 10 டிகிரி சூடாகலாம் என்று வைத்துக்கொண்டால்கூட, ஓர் அலகுக்கு நொடிக்குச் சுமார் 7,000 லிட்டர் தேவைப்படும். ரிமோட் படகின் சூடு ஏரிக்குத் தெரியாது. இங்கே வெந்நீர் கால்வாய் வழியாகப் போய்ச் சேருவதோ எண்ணூர் கழிமுகத்தில். கொசஸ்தலையாறு கடலைத் தொடும் அந்த இடம், சாம்பலும் வண்டலும் படிந்து ஆழம் குறைந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் அலையேற்றமும் சுருங்கிவிடும்.

சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். குழாய்களில் மட்டியும் சிப்பியும் ஒட்டாதிருக்கக் குளோரின் சேர்ப்பதும் கடல்நீர் நிலையங்களில் வழக்கம். உள்ளே இழுக்கப்படும் மீன் முட்டைகளிலும் இறால் குஞ்சுகளிலும் பல உயிரோடு திரும்புவதில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு நீரின் சூடு முதலில் உடம்பில் தெரியும். பிறகு பறியில் தெரியும்.

சட்டமும் இங்கே பாதியில் நின்றுவிட்டது. 1998 டிசம்பரில் வந்த மத்திய அரசின் விதி, 1999 ஜூன் 1-க்குப் பிறகு கடலோரத்தில் வரும் நிலையங்கள், நீரைப் பெறும் நீர்நிலையின் வெப்பத்தை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றது. பழைய நிலையங்களுக்கோ, கண்டென்சரின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையே 10 டிகிரி வரை ஏறலாம் என்றது. முந்தைய வரம்பு நீர்நிலையைப் பார்க்கிறது. பிந்தையது இயந்திரத்தை மட்டும் பார்க்கிறது. மீன் வாழ்வது கண்டென்சரில் அல்லவே!

நீரை ஆறவைத்து மீண்டும் பயன்படுத்தும் குளிர்விப்புக் கோபுரம் கட்டினாலும் முழு விடிவு இல்லை. கடல்நீர் அங்கே ஆவியாகி, எஞ்சுவது இன்னும் உப்பேறிய நீர். அதையும் எங்காவது விட்டாக வேண்டும். ஆகவே கடல்நீரைக் கைவிடச் சொல்வது சரியாகாது. வெந்நீரைக் கழிமுகத்தில் விடுவதைத்தான் நிறுத்த வேண்டும். ஆறவிட்டு, குழாய் போட்டு ஆழ்கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை, கால்வாய் கழிமுகத்தில் கலக்கும் இடத்தில், அருகிலுள்ள காட்டுக்குப்பத்து மீனவர்கள் படகிலிருந்தே படிக்கும்படி வெப்ப அளவுப் பலகை ஒன்றை மின் வாரியம் நிறுவட்டும்.